புது வீடு முடியவில்லை, வாடகை வீட்டையும் விட வேண்டும்: இடைப்பட்ட மாதங்களை எப்படிச் சமாளிப்பது?

கட்டட ஒப்பந்தக்காரர் மீது வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று என்று தெரிகிறது. சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருக்கிறீர்கள். காட்பாடிப் பக்கம் சொந்த மனையில், பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் விட்டு வீடு கட்டுகிறீர்கள். சித்திரையில் சாவி தருவதாகச் சொன்னவர் ஆடி பிறந்தும் தரவில்லை. ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. வாடகை வீட்டுக்காரர் தம் மகன் குடிவருவதாகச் சொல்லி ஆவணிக்குள் காலி செய்யச் சொல்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் மூச்சிரைப்பு உள்ள தாயாரும் இருக்கிறார்கள். வங்கிக் கடனும் ஓடுகிறது. முடியாத வீட்டுக்கும் விட வேண்டிய வீட்டுக்கும் நடுவில் இந்தச் சில மாதங்களை எப்படிக் கடப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. வேலூர், இராணிப்பேட்டை, குடியாத்தம் வட்டாரத்தில் தனி வீடுகளின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டே காலம் கழித்த சிவில் பொறியாளன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டையும் ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை. அவற்றைப் பார்த்தால்தான் தீர்மானிக்க முடியும் என்பவற்றை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பால் காய்ச்சும் நாள், குடிபோகும் நாள், வேலை முழுதாக முடியும் நாள் ஆகிய மூன்றையும் நீங்கள் ஒரே தேதியில் கட்டி வைத்திருக்கிறீர்கள். முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் பால் காய்ச்சிவிட்டு ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துக் குடிபோகும் குடும்பங்கள் ஏராளம். அன்றிரவு வீட்டார் சிலர் அங்கேயே தங்கிவிட்டு, பிறகு நாள்தோறும் மாலையில் போய் விளக்கேற்றி வருவார்கள். இதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை. உங்கள் குடும்ப வழக்கத்தை வீட்டுப் பெரியவர்களிடமும் புரோகிதரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணியைத் தவறவிட்டால் அடுத்து வருவது புரட்டாசி. அதில் பெரும்பாலோர் புதுமனை புகுவதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பழமொழியே இருக்கிறது. மார்கழியில் வைக்கமாட்டார்கள். அதையும் விட்டால் தைதான். ஆகவே குறித்த முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம். நிலைவாசல், சமையல் மேடை, தரை, தண்ணீர் ஆகிய நான்கும் தயாராக இருந்தால் பால் காய்ச்சிவிடலாம். அழைப்பிதழ் பெற்று வரும் உறவினர்களுக்காக வெளிச்சுவருக்கு அவசரமாக வண்ணம் பூச வேண்டிய அவசியம் இல்லை. விழாத் தேதிக்காக ஓட்டமாக ஓடிச் செய்த பூச்சும் பெயின்டும் அடுத்த மழையிலேயே பல்லிளிப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

குடிபோகும் நாளுக்கு வேறு அளவுகோல் வேண்டும். மேஸ்திரியிடம் ‘எப்போது முடியும்’ என்று கேட்டால் ‘பத்து நாளில் முடித்துவிடலாம் சார்’ என்பார். அந்தப் பத்து நாள் ஒருபோதும் குறையாது. அதற்குப் பதிலாக, எது முடிந்தால் குடும்பத்தோடு தங்க முடியும் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். கதவு தாளிட்டுப் பூட்டும் வாசல், எல்லா ஜன்னல்களுக்கும் கிரில், மூடிய சுவிட்சுப் பலகைகளுடன் முடிந்த வயரிங், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, மேல்தொட்டியிலிருந்து தடையின்றி வரும் தண்ணீர், செப்டிக் டேங்கோடு இணைத்து ஓட்டிப் பார்த்த ஒரு கழிவறை, தண்ணீர் தேங்காமல் வடியும் ஒரு குளியலறை, சமையல் மேடையும் தொட்டியும், ஒரு படுக்கையறை. குழந்தை இருப்பதால் இன்னும் மூன்றை விட்டுக்கொடுக்கவே கூடாது: மாடிப்படிக்குக் கைப்பிடி, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர், சம்பு எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் கனமான மூடி. கட்டி முடியாத வீடுகளில் திறந்து கிடக்கும் சம்பு எவ்வளவு ஆபத்து என்பது தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். மூடி போடும்வரை குழந்தையை வேலை நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போகவே வேண்டாம். அலமாரிகளுக்கான மரவேலை, வெளிப்புற வண்ணம், சுற்றுச்சுவர், முகப்பு அலங்காரம், இரண்டாவது கழிவறை ஆகியவை குடிபோன பிறகும் நடக்கலாம்.

வீட்டுக்குள் இருந்துகொண்டு செய்யக் கூடாத வேலைகளும் உண்டு. தரையை மெருகேற்றுவது, சுவரில் பட்டி (வண்ணத்துக்கு முன் பூசும் மாவுப் பூச்சு) தேய்ப்பது, உட்புற வண்ணம், மரத்துக்கு வார்னிஷ் ஆகிய நான்கும் முடிந்த பிறகுதான் உங்கள் தாயார் அங்கே படுக்க வேண்டும். பட்டியைத் தேய்க்கும்போது எழும் தூள் மாவைவிட நுண்மையானது. கதவை மூடினாலும் அடுத்த அறைக்கு வந்துவிடும். வார்னிஷ், எனாமல் பெயின்ட் ஆகியவற்றின் நெடி மூச்சிரைப்பைத் தூண்டக் கூடும். எத்தனை நாள் கழித்து அவர் வரலாம் என்பதை அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என் அளவில், பெயின்ட் அடித்து ஜன்னல்களைப் பகலெல்லாம் திறந்து வைத்து, நெடி முற்றிலும் அடங்கும்வரை முதியவர்களை அழைத்து வர வேண்டாம் என்றுதான் வீட்டாரிடம் சொல்வேன்.

தாமதம் என்று நீங்கள் எண்ணும் எல்லாமே தாமதம் ஆகாது. சிமென்ட் கேட்கும் நாள்களை அதற்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கான்கிரீட் போட்டபின் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாளும் தண்ணீர் விட வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நெறி 456. வறண்ட வெயில் காலத்தில் அதையே 10 என்றும் 14 என்றும் உயர்த்தச் சொல்கிறது. கத்திரி வெயிலில் வேலூர்ப் பாறைக் குன்றுகள் அனல் கக்கும்போது எந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்குச் சென்ட்ரிங் முட்டுகளை (கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்பவை) 14 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. 6 மீட்டருக்கு மேல் நீளமான உத்தரம் என்றால் 21 நாள். ‘சீக்கிரம் பிரியுங்கள்’ என்று நீங்கள் நெருக்கினால் அவர் பிரித்துவிடுவார். விரிசல் உங்கள் வீட்டில்தான் தங்கும்.

பூச்சும் அப்படித்தான். புதிய சிமென்ட் பூச்சின் மேல் வண்ணம் அடிப்பதற்கு முன் 4 வாரம் ஆற விடுவது நல்லது. ஆறிவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய வழி சொல்கிறேன். ஓர் அடிக்கு ஓர் அடி தடித்த பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் பிரிக்கும்போது தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் மட்டும் கருத்துத் தெரிந்தாலோ, உள்ளே ஈரம் இருக்கிறது. குளியலறைக்குப் பின்சுவர், மாடிப்படிக்கு அடியிலுள்ள சுவர், வடக்குச் சுவர் ஆகியவற்றில் கட்டாயம் பாருங்கள். அங்கேதான் ஈரம் கடைசியாகப் போகும். ஈரத்தின் மேல் பட்டி போட்டால் கொஞ்ச நாளில் அது செதில் செதிலாக உரியும். நம் மாவட்டங்களில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த செய்தி. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பே எழுதியது. உப்பு நீரில் பூசி, உப்பு நீரையே விட்டு ஆற்றிய சுவரில் வெள்ளைப் பொடி பூத்து நிற்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் போர்த் தண்ணீர் எப்படி என்பது சோதனைக்கூட அறிக்கை வந்தால்தான் தெரியும்; செலவு பெரிதில்லை, கொடுத்துப் பாருங்கள். சுவரில் ஏற்கெனவே உப்புப் பூத்திருந்தால், உலர்ந்த பிரஷால் தேய்த்துத் தட்டிவிட்டு மறுபடி பூக்கிறதா என்று பார்த்த பிறகே பெயின்ட்காரரை அழையுங்கள்.

இனி உண்மையான தாமதம். அது மூன்று இடத்திலிருந்து வரும்: ஆள் இல்லை, பொருள் இல்லை, பணம் இல்லை. முதல் இரண்டும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. குடியாத்தம் பக்கத்துக் கொத்தனார்கள் வைகாசி முதல் நாளில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் சில நாள் வரமாட்டார்கள். மாசியில் மயானக் கொள்ளை, ஆடியில் கிருத்திகையும் ஊர்க் கூழ் ஊற்றலும், கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம், பிறகு பொங்கல். வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் ரயில் டிக்கெட் கிடைத்தால்தான் திரும்புவார்கள். கல்லுடைக்கும் கிரஷர்களில் வேலைநிறுத்தம் வந்தால் எம்-சாண்டும் (கல்லைப் பொடித்த மணல்) ஜல்லியும் நின்றுவிடும். ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு மழை வரும். அப்போது வெளிப்பூச்சு நிற்கும். இவற்றையெல்லாம் நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்துவிடலாம்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. நீங்கள் கொடுத்த பணத்தில் ஒப்பந்தக்காரர் இன்னொருவர் வீட்டுத் தளத்தைப் போட்டுவிட்டு, அடுத்து வரும் வேறொருவர் பணத்தில் உங்கள் டைல்ஸை வாங்கலாம் என்று காத்திருப்பார். அதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. காலை ஒன்பதரை மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் இருக்கிறார்கள்? சிமென்ட் லோடாக வந்திருக்கிறதா, நாலு மூட்டை ஐந்து மூட்டையாகக் கடையிலிருந்து வருகிறதா? நாளைய வேலைக்கான பொருள் இன்றே இடத்தில் இருக்கிறதா? எலெக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் தனியாக, ‘உங்களுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா’ என்று கேளுங்கள், மறைக்கமாட்டார்கள். ஆள் குறைந்து, பொருள் சில்லறையாக வந்து, உட்கூலி பாக்கி நின்றால், அங்கே நடப்பது பணத் தட்டுப்பாடு. அதற்குக் கோபமும் சண்டையும் மருந்தாகாது. பணம் போகும் வழியை மாற்றுவதுதான் மருந்து.

அதாவது, இனிமேல் மொத்தமாக எதையும் கொடுக்காதீர்கள். மீதி வேலைகளை அவரோடு உட்கார்ந்து வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையும் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். வேலை முடிந்து நீங்கள் பார்த்த பிறகு அந்தத் தொகை. டைல்ஸ், சானிட்டரி சாமான், கிரானைட் ஆகியவற்றை நீங்களே கடைக்கு நேராகப் பணம் கட்டி வாங்கி, அவருக்குத் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒப்பந்தத் தொகையில் 5 முதல் 10 சதவீதம் கடைசிவரை உங்கள் கையில் இருக்க வேண்டும். அதுவும் கொடுத்தாயிற்று என்றால் நிலைமை கடினம்தான், மறைக்கவில்லை. அப்போதும் அவரை முற்றிலும் விலக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். வேறொருவர் பாதியில் விட்ட வேலையை ஏற்கும் மேஸ்திரி விலையைக் கூட்டித்தான் சொல்வார். முன்னவர் வேலைக்குப் பொறுப்பும் ஏற்கமாட்டார். கான்கிரீட், பூச்சு வேலை முடிந்து, டைல்ஸும் பெயின்டும் மட்டும் மீதி என்றால் மாற்றுவது எளிது. செப்டிக் டேங்க், மறைவயரிங், குழாய் வேலை பாதியில் இருந்தால் அவரிடமே முடிக்கச் சொல்வது நல்லது என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்து உள்ள பொறியாளர்களும் உண்டு.

வழக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை, ஆனால் கட்டுமான நிறுவனத்திடம் அடுக்குமாடி வீடோ மனையோடு வீடோ வாங்குபவருக்கு அந்த உரிமை. சொந்த மனையில் ஒப்பந்தம் விட்டுக் கட்டும் உங்களுக்கு அது பொருந்தாது. உங்களுக்குரிய இடம் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் முடிக்கும் தேதி எழுதியிருக்கிறதா, தாமதத்துக்கு இழப்பீடு குறிப்பிட்டிருக்கிறதா, நீங்கள் கேட்ட கூடுதல் வேலைகள் என்னென்ன என்பதைப் பொறுத்தே உங்கள் வாதம் நிற்கும். அதை ஒரு வழக்குரைஞர் படித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் மனுப் போட்டதால் ஆவணிக்குள் வீடு முடிந்துவிடாது. ஆகவே இப்போதைக்கு ஆதாரங்களை மட்டும் சேருங்கள்: தேதி தெரியும் புகைப்படங்கள், வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப்பில் அவர் கொடுத்த வாக்குறுதிகள், மீதி வேலைகளைக் குறித்து நீங்கள் அனுப்பும் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்).

வாடகை வீட்டைப் பொறுத்தவரை சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் குடியிருப்பவரின் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. அதே சமயம், ஒப்பந்தப்படியோ நோட்டீஸ்படியோ வாடகை உரிமை முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டை வாடகை இழப்பீடாகக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எனவே சட்டத்தை நீட்டிப் பேசாதீர்கள். மகனுக்காகக் கேட்கிறவர் நியாயமான மனிதராகத்தான் இருப்பார். நேரில் போய், வீட்டுப் புகைப்படங்களைக் காட்டி, மீதி வேலைப் பட்டியலையும் காட்டி, ‘ஐப்பசி முடிய இரண்டு மாதம் நீட்டிப்பு வேண்டும், வாடகையைக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன், முன்பணத்தில் கழிக்கச் சொல்லி இழுக்கமாட்டேன்’ என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ‘இதோ அடுத்த வாரம்’ என்று வாரா வாரம் தேதி சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் மேஸ்திரி உங்களுக்குச் செய்வதையே நீங்கள் அவருக்குச் செய்வதாக ஆகும்.

அவர் மறுத்துவிட்டால், அரைகுறை வீட்டுக்குள் சாமானைக் கொண்டுபோய் அடைப்பதைவிட, காட்பாடியிலேயே புது வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் சிறிய வீடு ஒன்றைச் சில மாதத்துக்கு எடுப்பது மேல். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்காக வேலூரில் நாள் வாடகை, மாத வாடகைக்குச் சாமான்களோடு கிடைக்கும் அறைகள் நிறைய உண்டு. தாயாரும் குழந்தையும் இரண்டு மூன்று வாரம் தங்க வேண்டிய நிலை வந்தால் அதுவும் ஒரு வழி. இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் செலவு வருமே என்று தயங்காதீர்கள். தேவையான பாத்திரம், படுக்கை, துணி, மருந்து, பள்ளிச் சான்று, கடன் பத்திரம் ஆகியவற்றைத் தனியே கட்டி உங்களோடு வைத்துக்கொண்டு, மற்றதை உறவினர் வீட்டு உலர்ந்த அறை ஒன்றில் வைத்தால் பின்னால் ஒரு டாடா ஏஸ் வண்டியில் முடிந்துவிடும். மரச் சாமானையும் மெத்தையையும் ஈரம் காயாத அறையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். புது பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. எதையும் தள்ளுபடி என்று இப்போதே வாங்கிப் போடாதீர்கள். பெரும்பாலான சாமான்களுக்கு உத்தரவாதக் காலம் வாங்கிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. முழுத் தொகையும் வங்கி தரும்வரை நீங்கள் கட்டுவது பெரும்பாலும் வட்டி மட்டும்தான். வேலை இழுத்தால் அதுவும் வாடகையும் சேர்ந்தே போகும். வீட்டு வேலையைக் கூட்டும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிப்போட்டு, குறைந்தது மூன்று மாத வாடகையைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால், கட்டுமானக் காலத்து வட்டியை வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம தவணையாகக் கழிக்கலாம். ஆனால் சலுகை முழு அளவில் கிடைக்க, கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் வீடு முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு இன்னும் தொலைவில்தான் இருக்கும். ஆகவே ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால் போதும்.

இந்த வாரமே செய்யக் கூடியது மின் இணைப்பு. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே குடியேறினால் கட்டணம் கூடுதலாக வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் கிடைக்காது. வீட்டு உபயோகக் கட்டணத்துக்கு மாற்ற எந்தெந்த ஆவணங்கள் வேண்டும், உங்கள் அளவு வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையா, விலக்கு உண்டா என்பதை உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கேட்டு, வயரிங் வேலை செய்தவரின் சோதனை அறிக்கையை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். கூலி பாக்கிக்காக அவர் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டால், அந்த ஒரு கையெழுத்துக்காகவே குடிபோகும் நாள் தள்ளிப்போகும்.